குடைக்குக் கட்டம் இல்லை

பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டில் தன் கூட்டாளி ஆமைக்குக் கொடுக்க, அணில் ஒரு மாயக்குடையை யோசித்து வைத்திருந்தது. அதன் கீழே நிற்பவருக்குப் பயம் போய்விடும். விளையாட்டுப் பொருள்களை வடிவமைத்துத் தரும் கணினியிடம் போய்ச் சொன்னது.

“வாளா, கேடயமா, மருந்தா?” என்று கேட்டது கணினி.

“குடை.”

“பட்டியலில் இல்லை. கேடயம் என்று போடுகிறேன். எத்தனை அடி தாங்கும்?”

“அடியெல்லாம் தாங்காது. பயத்தைப் போக்கும்.”

“அதை நிரப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. எடுத்துவிடலாமா?”

அணிலுக்கு வால் விடைத்துக்கொண்டது. “ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆமை ஓட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. அதற்காகத்தான் இந்தக் குடையே. அதை எடுத்துவிட்டு வேறு என்னத்தைத் தரப்போகிறாய்?”

“வாளா, கேடயமா, மருந்தா?” என்றது கணினி.

அணில் விறுவிறுவென்று வெளியே வந்து, ஓர் அரசிலையில் குடையைக் கோணல்மாணலாக வரைந்து, அது செய்வதை அடியில் எழுதி ஆமையிடம் கொடுத்தது.

அன்றைய கதையில் கொட்டும் மழையில் பூதம் வந்தது. ஆமை தலையை உள்ளே இழுக்கவில்லை.

“நனைகிறாயே, நீயும் வா,” என்று பூதத்துக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றது.