எட்டாவது கேள்வி

எட்டாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

‘கடந்த ஆறு மாதங்களில் பச்சை குத்திக்கொண்டதோ, காது, மூக்கு அல்லது உடலில் வேறெங்காவது துளையிட்டுக்கொண்டதோ உண்டா?’ பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

மேஜைக்கு எதிர்ப்பக்கம், ரத்த வங்கியின் வெள்ளைக் கோட்டில், அம்மா. வேலையில் இருக்கும்போது பெற்ற மகளும் அவளுக்கு வரிசையில் வந்த ஆள்தான்.

பதினெட்டு முடிந்த அன்றே மகள் வந்தாள். எடை இரண்டு கிலோ குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். பத்தொன்பதில் காய்ச்சல். இரண்டு தடவையும் படிவம் வரைகூட வரவில்லை. இன்று வயது இருபது. இந்தத் தடவை கொடுத்தே தீருவேன் என்று ஒரு வாரமாக வீட்டில் ஒரே தம்பட்டம். “வா, பாக்கலாம்” என்றதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

சட்டைக்குள், தொப்புளில், குட்டி வளையம் உறுத்தியது.

தோழியோடு போய்க் குத்திக்கொண்டு வந்த அன்று அம்மா ஆசையாகக் கட்டிப்பிடிக்க வந்தாள். பஸ்ஸில் கம்பி இடித்துவிட்டது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நழுவியாயிற்று. அன்றிலிருந்து வீட்டில் தொளதொள சட்டைதான். தெரிந்தால் அம்மா உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.

‘இல்லை’ என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் அந்த ரத்தம் யாருக்குப் போகும்? நேற்றுப் பிறந்த குழந்தைக்குக்கூடப் போகலாம். சாப்பாட்டு மேஜையில் அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்த கதைகள் சும்மா விடவில்லை.

‘ஆம்’ கட்டத்தில் குறியிட்டாள். படிவத்தை நீட்டினாள்.

அம்மா படித்தாள். வானம் இடிந்து விழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டு, இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

“இந்தத் தேதிக்கு மேல வா. போறப்ப ஜூஸ் குடிச்சிட்டுப் போ.”

அவ்வளவுதானா?

வாசலில் ஜூஸை உறிஞ்சிக்கொண்டே அட்டையைப் பார்த்தாள். அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்து. ஆகஸ்ட் ஒன்பது.

இன்று ஏப்ரல் இருபத்து நான்கு. விரல் விட்டு எண்ணினாள். ஆறு மாதம் என்றால் அக்டோபர் அல்லவா வரவேண்டும்?

அப்போதுதான் உறைத்தது. குத்திக்கொண்ட தேதியைப் படிவம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அட்டையைக் கொடுத்தபோது அம்மா பேனாவைத் தொடவேயில்லை.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

பஸ்ஸில் கம்பி இடித்தது பிப்ரவரி ஒன்பதாம் தேதி.