மனக்கணக்கில் ஒரு களவு

“சீ! வெக்கமா இல்ல உங்களுக்கு?”

பிரியந்தி டீச்சர் நான்கு துண்டுத் தாள்களையும் மேசையில் விசிறியடித்தாள். நான்கிலும் ஒரே விடை, நான்கும் பிழை. சரியான விடை நாலு பேருக்கும் ஒன்றாக வரலாம். பிழையான விடை எப்படி ஒன்றாக வரும்? பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினால்தான் வரும்.

டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. பள்ளி விட்ட பிறகு நாலாம் வகுப்பில் நான்கு பேரை மட்டும் நிறுத்தி, ஒரு மாதமாக மனக்கணக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். வலயப் போட்டிக்கு ஒரு பிள்ளைதான் போகலாம். லோஜினி என்று முடிவாகியிருந்தது. இன்றைக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும்.

பள்ளி அதிபருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. “தோட்டத்துப் புள்ளைகளுக்கு எதுக்கு டீச்சர் போட்டி கீட்டின்னு? கூட்டத் தெரிஞ்சாப் போதாதா?” என்று டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்ட மனிதர். அந்தப் பேச்சும் உறிஞ்சலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தன. சண்டை பிடித்துத்தான் அனுமதி வாங்கினாள்.

இப்போது இந்தப் பிள்ளைகளைப் பார்த்தாலே அதைவிட அருவருப்பாக இருந்தது.

காலையில் வகுப்பில் மாம்பழக் கணக்கும் பஸ் கணக்கும் கேட்டபோது பட்டுப் பட்டென்று சொன்னார்கள். ஒரு பிழை இல்லை. பிள்ளைகளுக்குப் பழகின விசயத்தை வைத்துக் கேட்டால் மூளை இன்னும் வேகமாக ஓடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மாம்பழம் இந்தக் குளிரில் எங்கே காய்க்கிறது? ஆகவே டீச்சர் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும்போதே சொந்தமாக ஒரு கணக்குக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“அம்மா பறிச்ச கொழுந்த நிறுக்கிற மடுவத்துல சாக்கோட நிறுத்தா பதினஞ்சு கிலோ. வெறுஞ்சாக்கு ஒரு கிலோ. அம்மா பேருக்கு எத்தன கிலோ விழும்?”

பதினாலு. பால்குடிப் பிள்ளையும் சொல்லும். நான்கு தாளிலும் பன்னிரண்டு என்று இருந்தது.

“யாரு மொதல்ல எழுதுனது? யார யாரு பாத்து கொப்பி அடிச்சீங்க?”

மிலான் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான். நிரோஷன் எச்சில் வழிய வழியப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு.

“எந்திரிங்க! ஆளுக்கொரு மூலைக்குப் போங்க. செவுத்தப் பாத்து நில்லுங்க. தலை திரும்புச்சுன்னா தெரியும்!”

நான்கு மூலையில் நான்கு முதுகுகள். டீச்சர் நடுவில் நின்றாள். ஒரு வார்த்தையும் பிசகாதபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“நல்ல வெயில் அடிக்குது. மழையும் இல்ல, பனியும் இல்ல. அம்மா வெரசா பறிக்கிறாங்க. சாக்கோட நிறுத்தா இருவது கிலோ. வெறுஞ்சாக்கு ஒரு கிலோ. அம்மா பேருக்கு எத்தன? எழுதுங்க.”

டிலுக்‌ஷி இருமினாள். டீச்சர் தாள்களை வாங்கி விரித்தாள்.

பதினேழு. பதினேழு. பதினேழு. பதினேழு.

“அந்த இருமல்தான் சைகையா?” என்று சீறினாள். “ஒம்பது வயசுல கூட்டுச் சேந்து களவாணித்தனமா? த்தூ! இதுக்காடா நான் அந்தாளுகிட்டப் போய் சண்ட போட்டேன்?”

அதிபரின் இளிப்பு கண் முன்னே வந்தது. நான் அப்பவே சொன்னேன்ல டீச்சர் என்பார். சொல்லட்டும். களவாடும் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புவதைவிட அந்த உறிஞ்சலைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். “லோஜினி பேர வெட்டிட்டு வாறேன்,” என்று செருப்பை மாட்டினாள்.

லோஜினி மூலையிலிருந்து ஓடி வந்து வாசலை மறித்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

“வெட்டாதீங்க டீச்சர்! போட்டிக்குப் போறேன்னு அம்மா லயத்துல வீடு வீடாச் சொல்லிருச்சு டீச்சர். சத்தியமா நான் யாரையும் பாக்கல!”

“பொய்! பாக்காம எப்புடி பதினேழு வந்துச்சு? போட்டுக் காட்டு பாப்போம்.”

லோஜினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலை மடக்கினாள்.

“இருவது கிலோ டீச்சர். சாக்குக்கு ஒண்ணு கழிச்சா பத்தொம்பது.”

“ஆங், அதான் விடை. அதுக்கு மேல என்னத்தக் கழிச்ச?”

“ஈரத்துக்கு ரெண்டு கழிச்சேன். மடுவத்துல கழிப்பாங்கல்ல?”

“எந்த ஈரம்? நல்ல வெயில்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! காதுல விழலையா?”

மற்ற மூவரும் சுவரிலிருந்து திரும்பிவிட்டார்கள். ஹட்டன் டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அவளையே பார்த்தார்கள்.

லோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

“வெயில் அடிச்சாலும் கழிப்பாங்க டீச்சர்.”