அப்பா சிரித்தால் ஹிட்

“உலகம் அழியப் போகுதுன்னு மூட்டை கட்டிக்கிட்டு ஓடுற நம்ம கார்ட்டூன் கோமாளியைப் பார்த்து லாஸ் ஏஞ்சலஸே விழுந்து விழுந்து சிரிக்குது, கொரின்! உடனே இன்னொரு எபிசோட் எழுதிக் கொடு!” என்றார் தயாரிப்பாளர் ட்வைட்.

அதை எழுதிய கொரின் ஒரு கடிதத்தை அவர் மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்க்காமலே தொடர்ந்தார்.

“வழக்கம்போல போன்ல உங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டு. மனுஷன் சிரிச்சா ஹிட்தான். இதுக்கும் சிரிச்சாரே!”

“ஆமா, சிரிச்சார். போன வாரம் அவர் வீட்டுக்குப் பின்னாடி மலை பத்திக்கிட்டு எரிஞ்சப்ப, ‘உடனே கிளம்புங்கப்பா’ன்னு போன்ல கெஞ்சினேன். அப்பவும் சிரிச்சார்.”

“எதுக்கு?”

“‘உன் கோமாளி மாதிரி என்னையும் மூட்டை கட்டச் சொல்றியா?’ன்னு கேட்டார். கடைசிவரைக்கும் கிளம்பவே இல்லை,” என்றாள் கொரின். “நாளைக்கு அடக்கம். லீவு கேட்கத்தான் வந்தேன்.”