குட்டைக்கால்

மனைவிக்கு முட்டிவலி. உட்கார்ந்து சமைக்கட்டும் என்று தணிகாசலம் தானே ஒரு ஸ்டூல் செய்யக் கிளம்பினார்.

முதல் காலை டேப் வைத்து அளந்து அறுத்தார். அப்புறம் டேப்பைத் தேட அலுப்பு. முதல் காலை வைத்துக் கோடு போட்டு இரண்டாவதை அறுத்தார். இரண்டாவதை வைத்து மூன்றாவதை, மூன்றாவதை வைத்து நான்காவதை. ஒவ்வொரு காலும் பென்சில் கோட்டின் தடிமனுக்கு வளர்ந்துகொண்டே போனது.

நிமிர்த்தி வைத்தால் ஸ்டூல் ஆடியது. முதல் கால் தரையைத் தொடவில்லை.

"குட்டைப்பயலே, உன்னாலதான் மானம் போகுது" என்றது நான்காவது கால்.

"டேப் வச்சு அளந்தது என்னை மட்டும்தான்டா" என்ற முதல் கால், இரண்டாவதிடம் கெஞ்சியது. "நீ பக்கத்துலயேதானே கிடந்தே, சொல்லேன்."

இரண்டாவது காலுக்கு எல்லாம் தெரியும். சொன்னால் அடுத்து தன் நீளத்தைக் கேட்பார்களே! "நான் எதையும் பாக்கலப்பா" என்றது.

தணிகாசலம் முதல் காலைக் கழற்றி வெந்நீர் அடுப்புப் பக்கம் எறிந்தார். நான்காவதை வைத்துக் கோடு போட்டு, புதுக்கால் ஒன்றை அறுத்து மாட்டினார். அது எல்லோரையும்விட நெட்டை.

ஸ்டூல் மறுபடியும் ஆடியது. இம்முறை தரையைத் தொடாதது இரண்டாவது கால்.

"குட்டைப்பயலே" என்றது புதுக்கால், வந்ததும் வராததுமாக.

"ஐயோ, நான் குட்டையில்லடா! வேணும்னா அவனையே கேளுங்க" என்று பதறி அடுப்புப் பக்கம் பார்த்தது இரண்டாவது கால்.

அங்கே முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் முதல் கால் பாதிக்குமேல் கரியாகியிருந்தது.