அலமாரிக்குள் ஒரு தேநீர்க் கிண்ணம்

ஜப்பானில் மொரிதானி என்ற குயவர், மனசுக்குப் பிடிக்காததையெல்லாம் உடைத்துப் போட்டுவிட்டு, உதட்டுக்கு இதமான ஒரே ஒரு தேநீர்க் கிண்ணத்தை மிச்சம் வைத்தார். அவர் பேர் பெரிதானதும் ஒரு பணக்காரர் அதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டினார்.

"குடிக்கத்தானே என்னைச் செய்தார்? இதுவரை ஒரு சொட்டு தேநீர் கண்டேனா?" என்று கிண்ணம் எரிந்து விழும்.

"கறை பட்டால் நம் மதிப்பு என்ன ஆகிறது? பேசாமல் இரு," என்று கிண்ணத்தோடு கூடவே வந்த, குயவரின் கையெழுத்தைச் சுமந்த மரப்பெட்டி அதட்டும்.

ஒருநாள் மொரிதானியே அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். இன்றைக்காவது விடிந்தது என்று கிண்ணம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வீட்டுக்காரரோ அவருக்குக் காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்தார்.

"அந்தக் கிண்ணத்தில் குடிக்கலாமே," என்றார் மொரிதானி.

"அதிலா? அது நீங்கள் செய்ததாயிற்றே ஐயா."

அவர் கிளம்பியதும், மகான் வாய் பட்ட கோப்பை என்று வீட்டுக்காரர் அதைக் கழுவக்கூடச் செய்யாமல் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

"அடுத்த தேநீர் எப்போது அக்கா?" என்றது காகிதக் கோப்பை.

"வாய்தான் உனக்கு. கிட்டே வாடி, வாசனையையாவது பிடித்துக்கொள்கிறேன்," என்றது கிண்ணம்.