முகம் தெரியாத கை

வீடியோவில் ஒரு கண்ணும் கருவி முனையும்தான் தெரிந்தன. ஆபரேஷன் செய்தது யார் என்று தெரியாமலே மதிப்பெண் போட வேண்டும் என்பது தலைமை டாக்டர் கொண்டுவந்த விதி.

பயிற்சி டாக்டர் பக்கத்தில் நின்றாள். இதில் தேறாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பயிற்சிதான்.

"என்னம்மா இது, கை இப்படி நடுங்குது? புரை எடுக்கறாங்களா, உருளைக்கிழங்கு சீவறாங்களா?" என்றார் தலைமை டாக்டர்.

"சார், அது வந்து..." என்று இழுத்தாள் வீடியோவைப் போட்ட நர்ஸ்.

"வக்காலத்து வாங்காதே! இந்தக் கையைத் தியேட்டர் பக்கமே விடக்கூடாது."

பத்துக்கு இரண்டு போட்டு, கையெழுத்தும் போட்டார்.

நர்ஸ் தொண்டையைச் செருமினாள். "சார், இவங்க வீடியோ அடுத்ததுதான். எப்படிச் செய்யணும்னு காட்ட, முதல்ல மாதிரிக்கு ஒரு வீடியோ போடச் சொன்னீங்களே?"

"ஆமா, சொன்னேன். அதுக்கென்ன?"

"அதான் சார் இது. போன மாசம் நீங்க செஞ்சது. உங்க மாமியார் கண்ணு."

கை ஏன் நடுங்கியது என்று இரண்டு பெண்களுக்கும் புரிந்துபோயிற்று.

தலைமை டாக்டர் புதுத் தாளை இழுத்தார். "இந்தப் பொண்ணுக்குப் பத்துக்குப் பத்து!"

"சார், என் வீடியோவை இன்னும் போடவே இல்லையே!"

"போட வேண்டாம்மா. அந்த ரெண்டு மார்க் விஷயம் மட்டும் மாமியார் காதுக்குப் போகாமப் பாத்துக்கோங்க!"