டஸ்டரிடம் கேட்ட கேள்வி

ஆங்கில டியூஷன் நடக்கும் ஓர் அறையில், கரும்பலகைக்குக் கீழே ஒரு டஸ்டர் இருந்தது. ஒன்பது வருஷமாகத் துடைத்துத் துடைத்து, ஒரு பக்கம் கட்டை தெரியுமளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. புது ஆட்கள் சேரும்போதெல்லாம் வாத்தியார் முதல் பாடமாக நான்கு வாக்கியங்களை எழுதுவார். ஒன்று செய்தி, ஒன்று கேள்வி, ஒன்று கட்டளை, ஒன்று வியப்பு. நான்கும் டஸ்டருக்கு மனப்பாடம். ஆனால் அதனிடம் யார் பேசினாலும் கட்டளைதான்: துடை, தட்டு, அங்கே வை.

அன்றும் புது ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். பாடம் தொடங்கும் முன், பக்கத்தில் ஒரு விரற்கணு அளவே மிஞ்சிக் கிடந்த சாக்பீஸ் அதனிடம் கேட்டது: "அண்ணே, தேய்ஞ்ச இடம் வலிக்குதா?"

"இதோ, துடைச்சிடறேன்" என்று பதறியது டஸ்டர்.

"துடைக்கச் சொல்லலைண்ணே. பாடத்தைத் தலைகீழா ஒப்பிக்கிறீங்க, நிஜமா ஒரு கேள்வி வந்தா அடையாளம் தெரியலையே."

டஸ்டருக்கு வெட்கமாகிவிட்டது. வலிக்கிறதா என்று அது யோசித்ததே இல்லை. யோசித்தபோது, கட்டை தெரிந்த இடத்தில் சுருக்கென்றது. ஆமாம் என்று சொன்னால், வேலைக்கு ஆகாது என்று தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று தயங்கியது.

அதற்குள் வாத்தியாரின் கை சாக்பீஸை எடுத்துக்கொண்டது. நான்காவது வாக்கியம் முடிந்தபோது சாக்பீஸும் முடிந்திருந்தது. பாடம் ஓய்ந்ததும் அதே கை டஸ்டரை எடுத்தது.

"வலிக்குது தம்பி" என்றது டஸ்டர், பலகையிலிருந்த வெள்ளை எழுத்துகளிடம். சொல்லிக்கொண்டே அவற்றைத் துடைத்தது.